கோவாவின் ஈயமும் அம்பத்தூரின் அலுமினியமும்

முகப்பேரில் ஞாயிறு காலைத் திருப்பலி முடிந்து ஆலய முற்றத்தில் நின்று பேசுகிறவர்களிடம், "உங்களுக்கு எங்கே வேலை?" என்று கேட்டுப் பாருங்கள். ஆசிரியர் என்றால் எந்தப் பள்ளி என்பதையும் சேர்த்தே சொல்வார். செவிலியர் என்றால் மருத்துவமனையின் பெயர் வரும். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் எந்திரத்தின் முன் நின்று உழைப்பவர் மட்டும், "கம்பெனியிலே" என்ற ஒரு சொல்லோடு நிறுத்திக்கொள்வார். அதற்கு மேல் சொன்னால் கேட்பவருக்கு விளங்காது என்று எண்ணுகிறாரா, விளங்கினாலும் மதிப்பிராது என்று எண்ணுகிறாரா, நான் அறியேன். அப்படிச் சொன்ன ஒருவரை ஒருநாள் விடாமல் கேட்டேன். "டை காஸ்டிங் ஆப்பரேட்டர் சார். அலுமினியத்தை உருக்கி அச்சுல ஊத்துற வேலை" என்றார்.

அச்சு என்ற அந்தச் சொல் என்னைப் பிடித்துக்கொண்டது. வெல்லம் வார்ப்பதும் அச்சில். புத்தகம் வெளிவருவதும் அச்சில். மகன் தந்தையைப் போலவே இருந்தால் அச்சில் வார்த்தாற்போல என்கிறோம். வார்த்தல் என்பதும் அப்படித்தான்: அடுக்களையில் தோசைக்கும் பட்டறையில் உலோகத்துக்கும் நமக்கு ஒரே வினைச்சொல். அச்சகம் என்றவுடன் நமக்குத் தாளும் மையும் நினைவுக்கு வருகின்றன. ஆனால் அச்சகத்தின் முதல் வேலை தாளில் நடக்கவில்லை; நெருப்பின் அருகே, உருகிய உலோகத்தில் நடந்தது. தமிழில் அது நடந்த இடமும் ஆண்டும் நமக்குத் தெரியும். செய்தவரின் பெயரும் தெரியும். ஆனால் அதை நாம் சொல்வதில்லை.

1554-ஆம் ஆண்டு லிஸ்பன் நகரில் தமிழ்ச் செபங்கள் அடங்கிய ஒரு சிறு மறைக்கல்வி நூல் அச்சாயிற்று. மொழி தமிழ், எழுத்தோ ரோமன். வார்க்கப்பட்ட தமிழ் எழுத்து அன்று உலகில் எங்குமே இல்லை. 1556-இல் கோவாவுக்கு ஓர் அச்சுப்பொறி வந்து இறங்கியது. அது எத்தியோப்பிய மறைப்பணிக்கென்று அனுப்பப்பட்டது. வழியில் கோவாவிலேயே தங்கிவிட்டது. பொறி வந்த பின்னும் இருபது ஆண்டுகள் அதற்குத் தமிழ் வரவில்லை. முத்துக்குளித்துறையில் அண்டிரிக் அடிகளார் தமிழ் கற்று, இலக்கணம் எழுதி, மறைக்கல்வியைத் தமிழாக்கம் செய்துகொண்டிருந்தார். கையெழுத்துப் படிகள் கடற்கரைச் சிற்றூர்களில் கைமாறின. நூல் இருந்தது, படிக்க மக்கள் இருந்தார்கள், செலவுக்குப் பணம் தரவும் அந்தக் கடற்கரை மக்கள் முன்வந்தார்கள். எழுத்து மட்டும் இல்லை.

1577-இல் கோவாவில் அந்தக் குறையைத் தீர்த்தவர் ஒரு குரு அல்லர். யோவான் கொன்சால்வஸ் என்னும் இஸ்பானியர்; சேசு சபையில் குருப்பட்டம் பெறாமல் கைத்தொழிலால் பணியாற்றிய உதவிச் சகோதரர்களுள் ஒருவர். தமிழ் அந்தணக் குடும்பத்தில் பிறந்து சேசு சபையில் சேர்ந்து குருவான பேரோ லூயிஸ் அடிகள் எழுத்தின் வடிவங்களைக் காட்டி உதவினார் என்று ஆய்வாளர் எழுதியுள்ளனர். ஒருவர் எழுத்தை அறிந்தவர், மற்றவர் உலோகத்தை அறிந்தவர். அடுத்த ஆண்டு கொல்லத்தில் யோவான் தெ பாரியா அடிகள் மற்றொரு வகை எழுத்தை உருவாக்கினார். 1578 அக்டோபர் 20-ஆம் நாள் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சேறியது. பதினாறே பக்கங்கள். இந்திய மொழி ஒன்றின் எழுத்தில் அச்சான முதல் நூல் அதுவே. மறு ஆண்டு கொச்சியில் 'கிரிசித்தியானி வணக்கம்', 1586-இல் புன்னைக்காயலில் அறுநூறு பக்கங்களுக்கு மேற்பட்ட 'அடியார் வரலாறு' என்று வேலை வளர்ந்தது.

எழுத்து வார்ப்பது எப்படி என்று சற்று நின்று பார்க்கவேண்டும். இங்கேதான் நம் முகப்பேர் நண்பரின் தொழில் பிறக்கிறது.

அந்நாளைய முறைப்படி, கெட்டியான எஃகுத் துண்டின் நுனியில் எழுத்தைத் தலைகீழாகவும் புடைப்பாகவும் செதுக்குவார்கள். அதைச் செம்புத் துண்டின்மீது வைத்து அடித்தால் எழுத்தின் குழி விழும். அந்தக் குழியை ஒரு கைமூசையின் அடியில் பொருத்துவார்கள். கைமூசை என்பது இரண்டாகப் பிரிந்து மூடிக்கொள்ளும் சிறு இரும்புக் கூடு, வெளியே மரக்காப்பு. வார்ப்பவர் இடக்கையில் கூட்டைப் பிடித்து, வலக்கையால் சிறு கரண்டியில் உருகிய உலோகத்தை முகந்து ஊற்றுவார். ஊற்றிய அதே கணத்தில் கூட்டை ஒரு வெட்டு வெட்டி மேலே உதறுவார். இந்த உதறல்தான் தொழிலின் உயிர். உதறாவிட்டால் உலோகம் எழுத்தின் நுண்ணிய வளைவுகளுக்குள் போவதற்குமுன் உறைந்துவிடும். சுழி மொட்டையாகும், கொம்பு முறியும். தமிழ் எழுத்துக்கு வளைவும் சுழியும் எத்தனை என்று எண்ணிப் பார்த்தால் அந்தச் சகோதரரின் மணிக்கட்டின்மேல் மரியாதை வரும். 1683-இல் லண்டனில் அச்சுத் தொழிலைப் பற்றி எழுதிய ஜோசப் மாக்சன், தேர்ந்த வார்ப்பாளர் நாளொன்றுக்கு நாலாயிரம் எழுத்து வார்ப்பார் என்று குறித்திருக்கிறார். நாலாயிரம் முறை முகந்து, நாலாயிரம் முறை உதறுவது.

உலோகத்திலும் ஒரு நுட்பம் உண்டு. தனிக் காரீயம் மென்மையானது. உறையும்போது சுருங்கவும் செய்யும். அதோடு வெள்ளீயத்தையும் ஆண்டிமனியையும் கலந்தால் கலவை எளிதாக ஓடும், கடினமாக உறையும், சுருக்கம் குறையும். பின்னாளில் உலகெங்கும் எழுத்து வார்ப்போர் கைக்கொண்ட கலவை இதுவே. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்; அம்பத்தூரிலும் இதே சிக்கல் வரும், இதே வகையில் தீரும்.

தரங்கம்பாடியைப் பற்றி நம் இதழ்களில் குறைவாகவே எழுதப்படுகிறது. பிரிந்த சகோதரர்களின் வரலாறு என்பது காரணமாக இருக்கலாம். நெருப்புக்கு அந்த வேறுபாடு தெரியாது. சீகன்பால்கு ஐயருக்கு 1713-இல் ஜெர்மனியின் ஹாலேயிலிருந்து வந்த தமிழ் எழுத்துகள் மிகப் பெரியவை. தாள் அரிதான நாட்டில் அவற்றைக் கொண்டு விவிலியம் அச்சிட இயலாது. ஆகவே பொறையாற்றிலேயே சிறிய எழுத்துகளை வார்த்தார்கள். இங்கிலாந்திலிருந்து வந்த பாலாடைக்கட்டிப் பெட்டிகளின் ஈய உறைகளை அதற்கு உருக்கினார்கள் என்று ஒரு செய்தி வழங்குகிறது. 1715-இல் புதிய ஏற்பாடு முழுமையாக வெளிவந்தது. சென்னைக்கு இத்தொழில் வந்த கதை போர்க்கதை: 1761-இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்தபோது அங்கிருந்த அச்சுப்பொறியைக் கொண்டுவந்தனர், வேப்பேரியில் பப்ரீசியஸ் ஐயரிடம் அது ஒப்படைக்கப்பட்டது.

இத்தனை காலமும் கரண்டியும் உதறலும் மாறவில்லை. மாற்றம் 1838-இல் வந்தது. நியூயார்க்கில் டேவிட் புரூஸ் என்பவர் எழுத்து வார்க்கும் எந்திரத்துக்கு உரிமம் பெற்றார். உருகிய உலோகப் பாத்திரத்துக்குள்ளேயே ஒரு பம்பு. அது உலோகத்தை மூசைக்குள் அழுத்தித் தள்ளும். மணிக்கட்டின் உதறல் செய்ததை இப்போது அழுத்தம் செய்தது. முகந்து ஊற்றும் கரண்டியும் தேவையற்றுப் போயிற்று. 1849-இல் ஸ்டர்ஜஸ் என்பவர் பெற்ற உரிமமும் அச்செழுத்து வார்ப்பதற்கே. அழுத்த வார்ப்பு எந்திரத்தின் வரலாற்றை எழுதுவோர் அதிலிருந்துதான் தொடங்குவார்கள். 1886-இல் மெர்கந்தாலரின் லைனோடைப், ஒரு முழு வரியையே ஒரே துண்டாக வார்த்தது.

எழுத்தை இவ்வளவு துல்லியமாக வார்க்க முடிந்தால், ஏன் எழுத்தோடு நிற்கவேண்டும்? அந்த நூற்றாண்டின் இறுதியிலேயே கிராமபோன் கருவிக்கும் கடைகளின் பணப்பெட்டிக்கும் உறுப்புகள் இவ்வகையில் வார்க்கப்பட்டன. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டோலர் என்பவரின் எந்திரம் இதைப் பெருந்தொழிலாக்கியது. ஈயம், வெள்ளீயம், துத்தநாகம் எல்லாம் இணங்கின. அலுமினியம் இணங்கவில்லை.

காரணம் எளிது. காரீயம் 327 பாகையில் உருகும். அலுமினியம் உருக 660 பாகை வேண்டும். உருகிய அலுமினியத்துக்கு இரும்பைக் கரைத்து உண்ணும் குணமும் உண்டு. உலோகப் பாத்திரத்துக்குள் மூழ்கிக் கிடக்கும் இரும்புப் பம்பை அது சில நாளில் அரித்துவிடும். 1927-இல் பிராகு நகரப் பொறியாளர் யோசப் போலாக் இதற்கு வழி கண்டார்: பம்பை உலையிலிருந்து பிரித்து வைத்தார். உலை தனி, எந்திரம் தனி. ஒவ்வொரு முறையும் ஒரு வார்ப்புக்கு வேண்டிய அளவு மட்டும் உலோகத்தை எடுத்து வந்து எந்திரத்தின் குழலில் ஊற்றவேண்டும். தொழிலாளர் இன்று கோல்ட் சேம்பர் என்று சொல்லும் எந்திரம் அதுதான். உலையிலிருந்து எந்திரத்துக்கு யார் எடுத்து வருவது? ஒரு மனிதன், ஒரு கரண்டியால். 1838-இல் புரூஸ் கீழே வைக்கச் செய்த கரண்டியைத் தொண்ணூறு ஆண்டுக்குப் பின் அலுமினியம் மறுபடி தொழிலாளியின் கையில் கொடுத்தது. கோவாவில் கொன்சால்வஸ் பிடித்த கரண்டிக்கும் அம்பத்தூரில் நம் நண்பர் பிடிக்கும் லேடிலுக்கும் இடையே உள்ள உறவு உவமை அன்று, தொழில்நுட்ப வரலாறு.

அம்பத்தூருக்கு இது வந்த வழியைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1949-இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் அம்பத்தூரிலும், 1960-களின் தொடக்கத்தில் வீல்ஸ் இந்தியா, லூகாஸ் டி.வி.எஸ்., பிரேக்ஸ் இந்தியா, சுந்தரம் கிளேட்டன் ஆகியவை பாடியிலும், டாங்கி செய்யும் கனரக வாகனத் தொழிற்சாலை ஆவடியிலும் எழுந்தன. கிண்டியில் 1958-இல் தொழிற்பேட்டை அமைத்த அரசு, 1964-இல் அம்பத்தூரில் ஆயிரம் ஏக்கருக்கும் மேற்பட்ட பரப்பில் மற்றொன்றை அமைத்தது. பெரிய ஆலைகள் வண்டி செய்தன. சிறிய பட்டறைகள் வண்டிக்கு வேண்டிய உறுப்புகளைச் செய்தன. ஸ்டார்ட்டர் மோட்டாரின் கூடு, பம்பின் உடல், பிரேக்கின் உறை என்று எடை குறைவாகவும் ஆயிரக்கணக்கிலும் வேண்டிய யாவும் அலுமினிய வார்ப்புக்கு ஏற்றவை. தகரக் கூரையின்கீழ் ஓர் உலையும் ஓர் எந்திரமும் வைத்துத் தொழில் தொடங்கியவர்கள் இங்கே பலர்.

தொழில் இருந்த இடத்துக்கு மனிதர் வந்தனர். மனிதர்க்கு வீடு வேண்டியிருந்தது. சந்தான சீனிவாசப் பெருமாள் கோயிலால் மகப்பேறு என்பதே முகப்பேர் ஆயிற்று என்பார்கள் ஊரில். அந்த ஏரிக்கரைச் சிற்றூர், 1980-களில் உலக வங்கி உதவியோடு நடந்த சென்னை நகர்ப்புற வளர்ச்சித் திட்டத்தில் மனைகளாகப் பிரிக்கப்பட்டது. ஏழைக் குடும்பத்துக்குச் சிறு மனையும் குழாயும் கழிவறையும் கொடுத்துவிட்டு, வீட்டை அவரவர் வசதிப்படி மெல்லக் கட்டிக்கொள்ள விட்டார்கள். முகப்பேர் ஏரித் திட்டம் என்ற பெயர் இன்னும் முகவரிகளில் இருக்கிறது, ஏரியைத்தான் காணோம். முகப்பேர் மேற்கிலிருந்து மிதிவண்டியை மிதித்தால் சில நிமிடங்களில் தொழிற்பேட்டை. பேருந்து நிறுத்தங்களின் பெயர்களே ஆலைகளின் பெயர்கள்: வாவின், டன்லப், டி.ஐ. சைக்கிள். டன்லப் தொழிற்சாலை மூடிப் பல ஆண்டுகள் ஆன பின்னும் நடத்துநர் 'டன்லப்' என்றே கூவினார்.

இனி அந்தத் தகரக் கூரைக்குள் போவோம்.

எந்திரத்தின் இரண்டு பாதி அச்சும் மூடிக்கொள்ளும்போது அவற்றை நூற்றுக்கணக்கான டன் விசை இறுக்கிப் பிடிக்கிறது. ஆப்பரேட்டர் உலையின்மேல் மிதக்கும் கசடை லேடிலின் முதுகால் ஒதுக்கிவிட்டு முகக்கிறார். மூன்றடி திரும்பி, குழலின் வாயில் ஊற்றுகிறார். சிந்தக்கூடாது, தயங்கவும் கூடாது. தயங்கினால் குழலிலேயே உறையத் தொடங்கும். இரு கையாலும் இரு பொத்தான்களை அழுத்துகிறார். உள்ளிருக்கும் தண்டு முதலில் மெதுவாகவும் பிறகு சட்டென்றும் முன்னேறுகிறது. கண் இமைப்பதற்குள் அச்சு நிரம்பிவிடுகிறது. சில நொடி காத்திருப்பு. அச்சு திறக்கிறது, ஊசிகள் வார்ப்பைத் தள்ளுகின்றன, குறடால் எடுத்து, திருப்பிப் பார்த்து, ஓரமாக வைக்கிறார். அச்சின்மேல் மசகு நீரைத் தெளித்து, காற்றால் ஊதுகிறார். மீண்டும் உலை. ஒரு சுற்றுக்கு ஐம்பது நொடி என்று வைத்துக்கொண்டால், எட்டு மணி நேரத்தில் உணவு வேளை போக ஐந்நூறு வார்ப்புகள். லேடிலில் இரண்டு கிலோ உலோகம் என்றால், ஒரு ஷிப்டில் அவர் முகந்து தூக்கியது ஆயிரம் கிலோ, அதாவது ஒரு டன் நெருப்பு.

எழுத்து ஈயத்தில் ஆண்டிமனி செய்த வேலையை இங்கே சிலிக்கன் செய்கிறது. தனி அலுமினியம் எளிதில் ஓடாது, உறையும்போது சுருங்கும். சிலிக்கன் கலந்தால் ஓடும், சுருக்கம் குறையும். அச்சின் சூடு குறைந்தால் இரண்டு பக்கமிருந்து வந்த உலோகம் சந்திக்கும் இடத்தில் ஒட்டாமல் ஒரு கோடு நிற்கும். காற்று சிக்கினால் உள்ளே துளை; வெளியே தெரியாது, கடையும்போதுதான் தெரியும். நல்ல ஆப்பரேட்டர் இவற்றை அளவு கருவி சொல்வதற்குமுன் அறிவார். தண்டு முன்னேறும் ஓசையிலிருந்தும், வார்ப்பின் பின்னே ஒட்டிவரும் பிஸ்கட்டின் தடிப்பிலிருந்தும், அச்சில் பட்ட மசகு நீர் எப்படி ஆவியாகிறது என்பதிலிருந்தும் அறிவார். இதைப் படிப்பில்லாத வேலை என்று சொல்பவர்கள் ஒரு பகல் அங்கே நின்று பார்த்ததில்லை.

ஆபத்தையும் சொல்லியாக வேண்டும். இரும்பு உருகினால் செவ்வொளி வீசி எச்சரிக்கும். அலுமினியம் உருகிய பின்னும் பகல் வெளிச்சத்தில் வெள்ளி நிறத்தில் அமைதியாகக் கிடக்கும். அதில் ஈரம் பட்டால் நீர் ஒரே கணத்தில் ஆவியாகி உலோகத்தைக் கூரைவரை எறியும். ஐப்பசி கார்த்திகை மழையில் வெளியே அடுக்கிவைத்த பாளங்களை நன்றாகக் காய்ச்சாமல் உலையில் இட்டுத் தீப்புண் பட்டவர்கள் உண்டு. அச்சு சரியாக மூடாத வேளையில் இரு பாதிகளுக்கு இடையிலிருந்து உலோகம் பக்கவாட்டில் பீறிடும். அந்த நேர்க்கோட்டில் நிற்காதே என்பதே புதிதாக வருபவனுக்கு முதற்பாடம். இரு கைப் பொத்தான்கள் வைத்ததே இரண்டு கையும் அச்சுக்கு வெளியே இருக்கவேண்டும் என்பதற்காக. எண்ணிக்கை கூடவேண்டும் என்று ஒரு பொத்தானைக் கட்டிவைத்து ஓட்டச் சொன்ன ஒரு பட்டறையில் இரண்டு விரல்களை இழந்தவர் எங்கள் பங்கில் இருக்கிறார். திருவிருந்தை இடக்கையில் பெறும்போதுதான் அது நம் கண்ணில் படும். அவர் ஒப்பந்தத் தொழிலாளி. பட்டறையின் பதிவேட்டில் அன்று அவர் பெயரே இல்லை.

இத்தாலிய மருத்துவர் ராமசினி 1700-இல் தொழிலாளரின் நோய்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். நோயாளியிடம் மருத்துவர் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளோடு, "நீ என்ன தொழில் செய்கிறாய்?" என்பதையும் கேட்கவேண்டும் என்றார் அவர். மருத்துவர்கள் அதை ஓரளவு கற்றுக்கொண்டார்கள். பங்குகளில் நம் குடும்ப அட்டைகளிலும் தொழில் என்றொரு கட்டம் உண்டு. அதில் 'தனியார்' என்று எழுதி நிரப்பிவிடுகிறோம்.

திருவிவிலியம் இவ்வளவு அவசரப்படுவதில்லை. சாலமோன் கட்டிய ஆலயத்தின் வெண்கலத் தூண்களை வார்த்த தீர் நகர ஈராமின் பெயரை அரசர்கள் முதல் நூல் ஏழாம் அதிகாரம் சொல்கிறது. அவன் தாய் நப்தலி குலத்துக் கைம்பெண் என்றும், தந்தையும் வெண்கலத் தொழிலாளியே என்றும் சொல்கிறது. யோர்தான் சமவெளியில் சுக்கோத்துக்கும் சாரத்தானுக்கும் இடையே களிமண்ணில் வார்த்தார்கள் என்று இடத்தையும் குறிக்கிறது. ஆலயத்தின் அளவுகளுக்கிடையே ஒரு வார்ப்புச் சாலையின் முகவரி!

ஆனால் என்னை அதிகம் கலங்கச் செய்வது சீராக்கின் ஞானம் 38-ஆம் அதிகாரம். நம் விவிலியத்தில் உள்ள, பிரிந்த சகோதரரின் பதிப்புகள் பலவற்றில் இல்லாத நூல் அது. உலையின் வெம்மை கொல்லனின் சதையை வாட்டுவதையும், ஓசை அவன் செவியை நிறைப்பதையும், அவன் கண் தான் செய்யும் பொருளின் மாதிரியை விட்டு அகலாததையும் கண்ணால் கண்டவர் போல் எழுதுகிறார் சீராக். இவர்கள் இல்லாமல் நகரில் குடியிருக்க முடியாது என்கிறார். அடுத்த மூச்சிலேயே, மக்கள் மன்றத்தில் இவர்களை யாரும் தேடமாட்டார்கள் என்றும் சொல்கிறார். பழிப்பாகவா, வருத்தமாகவா என்பதை விரிவுரையாளர்கள் பலவாறு கூறுவர். முடிவில், இவர்கள் செய்யும் தொழிலிலேயே இவர்களின் மன்றாட்டு இருக்கிறது என்று நிறுத்துகிறார். முதல் பாதியை நாம் எளிதில் நிறைவேற்றிவிட்டோம்: பங்குப் பேரவையில் ஷிப்டுக்குப் போகிறவர் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்க்கலாம். கூட்டம் மாலை ஆறு மணிக்கு; அவர்கள் வெளியே வருவது இரவு பத்து மணிக்கு.

திருச்சபை இதைக் காணாமல் இல்லை. 1891-இல் பதின்மூன்றாம் சிங்கராயர் தொழிலாளர் நிலை பற்றிச் சுற்றுமடல் வரைந்தார். நிலக்கரி விற்றுத் தம்மைப் படிக்கவைத்த தந்தையின் சாவை மறக்காத கார்டைன் அடிகள், பெல்ஜியத்தில் இளம் கிறிஸ்தவத் தொழிலாளர் இயக்கத்தைத் தொடங்கினார். 1955-இல் பன்னிரண்டாம் பத்திநாதர் மே முதல் நாளைத் தொழிலாளரான புனித சூசையப்பருக்கு உரியதாக்கினார். இளமையில் கல்லுடைப்பிலும் இரசாயன ஆலையிலும் வேலை செய்த இரண்டாம் யோவான் பவுல், உழைப்பை அளக்க வேண்டியது செய்த பொருளைக் கொண்டு அன்று, செய்யும் மனிதனைக் கொண்டே என்று 1981-இல் எழுதினார். மடல்களுக்குக் குறைவில்லை. முற்றத்தில் "கம்பெனியிலே" என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறவரிடம் அவை எப்படிப் போய்ச் சேரும் என்பதுதான் என் கேள்வி.

அவர் மட்டும் அல்லர். தொழிற்பேட்டையில் பட்டறைகள் இருந்த மனைகள் பலவற்றில் இன்று கண்ணாடி முகம் கொண்ட கணினி நிறுவனங்கள் நிற்கின்றன. பெரிய வேலைகள் திருப்பெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் நகர்ந்துவிட்டன. அங்குள்ள பெரிய ஆலைகளில் எந்திரக் கையே முகந்து ஊற்றுகிறது. கரண்டி மறுபடியும் கைமாறிக்கொண்டிருக்கிறது. மிச்சமிருக்கும் சிறு பட்டறைகளில் அதைப் பிடித்திருப்பவர் பலர் ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த இளைஞர்கள். அவர்களுள் சோட்டா நாக்பூரில் லீவன்ஸ் அடிகள் மறைப்பணியாற்றிய பழங்குடி மக்களின் வழிவந்த கத்தோலிக்கரும் உண்டு. ஞாயிறன்று கடைசி வரிசையில் நிற்கிறார்கள். செபங்களின் மொழி புரியாவிட்டாலும் எப்போது முழந்தாளிட வேண்டும் என்பது தெரியும். முற்றத்தில் அவர்களிடம் யாரும் எங்கே வேலை என்று கேட்பதில்லை.

'தம்பிரான் வணக்க'த்தின் ஒரே பிரதி அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. அதன் கடைசிப் பக்கத்தில் செபமோ போதனையோ இல்லை. எழுத்து மாதிரிகள் இருக்கின்றன. ஒரு தொகுதி 1577-இல் கோவாவில் செய்தது, மற்றது 1578-இல் கொல்லத்தில் செய்தது என்ற குறிப்போடு அவை தனித்தனியே அச்சிடப்பட்டுள்ளன. படிப்பவருக்கு அதனால் பயன் ஒன்றும் இல்லை. செய்தவர்கள் தங்கள் வேலையைக் காட்டிவைத்தார்கள், அவ்வளவே. அண்டிரிக் அடிகளாரைத் தமிழ் அச்சின் தந்தை என்று போற்றுகிறோம்; தகும். கரண்டி பிடித்தவரின் பெயரை அந்தப் பட்டத்துக்கு அருகில் எழுத நமக்குத் தோன்றியதில்லை.

அந்தப் பக்கத்தின் படத்தை ஒரு ஞாயிறன்று எடுத்துச்சென்று நண்பரிடம் காட்டினேன். கண்ணாடியை மேலேற்றி, வார்ப்பைப் பார்ப்பதுபோல் வெளிச்சத்துக்குத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எழுத்தைப் படிக்க முயலவில்லை. விளிம்புகளைப் பார்த்தார்.

"இது ரெண்டும் வேற வேற டை சார்" என்றார். "ஊத்துனவரும் வேறயா?"

"வேறுதான், தம்பி."

"அதானே" என்று சொல்லிப் படத்தைத் திருப்பித் தந்தார். அவருக்கு அன்று இரண்டு மணி ஷிப்ட்.